அடிப்பிரதட்சிணம்

“நீங்க எழுந்திருக்காதீங்கம்மா, நான் எடுத்துத் தர்றேன்.”

ஐந்து மாதங்கள் எங்கள் வீட்டில் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். தண்ணீர்ச் சொம்பு, மூக்குக்கண்ணாடி, செய்தித்தாள், எதுவானாலும் சரி, அம்மா நாற்காலியில் கையூன்றுவதற்குள் யாராவது ஓடிப்போய் எடுத்து வந்துவிடுவோம். அன்பினால்தான் செய்தோம். அந்த அன்பு அம்மாவின் கால்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போது தெரியவில்லை.

அம்மாவுக்கு 76 வயது. போன ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்குக் குளியலறைக்குப் போக எழுந்தவர், அதன் வாசலிலேயே விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. மணிக்கட்டில் வீக்கம், தாடையில் இரண்டு தையல். “கால் வழுக்கிடுச்சு” என்றார். தரை காய்ந்துதான் கிடந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை. கைப்பிடி பொருத்தினோம், இரவு விளக்கு மாட்டினோம். இரண்டும் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டியவை. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசல் கோலம் வேண்டாம், மொட்டைமாடி வேண்டாம், தெருமுனைக் கோயில் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பறித்தோம்.

தை பிறந்தபோது கையூன்றாமல் அம்மாவால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பிறகு படித்தேன். நல்ல ஆரோக்கியத்தோடிருந்த முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது. நாங்கள் அம்மாவை உட்காரவைத்தது பத்து நாள் அல்ல.

இன்னொன்றும் நடந்தது. கூடத்தில் நடந்துகொண்டிருக்கும் அம்மாவை “அம்மா” என்று கூப்பிட்டால், நின்று, சுவரைத் தொட்டுக்கொண்டு, பிறகுதான் பதில் சொல்வார். நிதானம் என்று நினைத்தேன். ஸ்வீடனின் உமியா நகரில் ஆய்வாளர்கள் இதையே கவனித்து 1997இல் எழுதியிருக்கிறார்கள். முதியவர்கள் 58 பேரோடு நடந்தபடி பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்ல நின்றுவிட்டவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். நடப்பதற்கே மனம் முழுவதும் செலவாகிவிட்டால் பேச்சுக்கு மிச்சமிருக்காது.

பங்குனியில் ஒரு முதியோர் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் அம்மாவைப் படுக்கவைத்து பி.பி. பார்த்தார், எழுப்பி நிறுத்தி உடனே மறுபடி பார்த்தார். மேல் எண் 28 இறங்கியிருந்தது. எத்தனையோ வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவரை நிற்கவைத்து அளந்தது அதுதான் முதல்முறை. எழுந்து நிற்கும்போது யாருக்குமே அரை லிட்டர் ரத்தம் போலக் கீழே இறங்கும். ரத்தக்குழாய்கள் சட்டென்று இறுகி அதை மேலே தள்ள வேண்டும். வயதானால் அது தாமதமாகும், சில மாத்திரைகள் இன்னும் தாமதப்படுத்தும். நாம் நிலையாக நிற்பது கண், உள்காது, பாதம் மூன்றும் தரும் தகவலால். இருபது வருடச் சர்க்கரை நோயில் அம்மாவின் பாதம் மரத்திருந்தது. இருட்டில் கண் உதவாது. மூன்று மணிக்கு அம்மாவைத் தாங்க மிஞ்சியிருந்தது உள்காது ஒன்றுதான். மருத்துவர் அம்மாவின் தூக்க மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார், பி.பி. மாத்திரையை மாற்றினார், “எழுந்ததும் கட்டில் ஓரத்துல ரெண்டு நிமிஷம் உக்காருங்கம்மா” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இவங்கள நடக்க விடுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது, கைபிடிக்காமல் நாற்காலியை விட்டு எழுவது, பின்பக்கமாக நாலடி நடப்பது என்று பழக்கினாள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் வகுத்த பயிற்சிகள். முதலில் சோதித்ததே எண்பது வயதைக் கடந்த 233 பெண்களிடம். பயிற்சி செய்தவர்கள் விழுவது நன்றாகவே குறைந்தது. ஒருநாள், குதிகால் அடுத்த காலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னாள். அம்மா சிரித்துவிட்டார்.

“இது அடிப்பிரதட்சிணம், கண்ணு. இவளுக்கு டைபாய்டு வந்தப்போ அம்மன் கோயிலைச் சுத்தி நூத்தியெட்டு வந்தேன்.”

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தச் சுற்றுகளைப் பற்றி அம்மா ஒருமுறைகூட என்னிடம் சொன்னதில்லை.

இந்த ஐந்து மாதமும் பயந்தது அம்மா அல்ல, நான்தான். ராத்திரி ஒரு சத்தம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அவரை நாற்காலியிலேயே வைத்திருந்தேன். அம்மா மறுபடி விழமாட்டார் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரமாட்டார். அவர் கோலமாவுக் கிண்ணத்தோடு வாசற்படி இறங்கும்போது எழுந்து ஓடாமல் இருப்பது இன்றும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஓடிய நாட்களும் உண்டு. “இருடி, வர்றேன்” என்று கையை விலக்கிவிடுவார்.

நேற்றுச் சாயங்காலம் அம்மா கூடத்தில் அடிமேல் அடிவைத்து நடந்துகொண்டிருந்தார். ஒரு முழம் தள்ளி, பிடிக்காமல், கூடவே நடந்தேன்.

“அம்மா, ராத்திரிக்கு என்ன செய்யட்டும்?”

“ரவை இருக்கு, உப்புமா கிண்டேன்” என்றார், நிற்காமல்.