கொடையும் கறையும்: ஒரு விளையாட்டுக் கழகத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும் எழுப்பும் அறவினா

தீய வழியில் ஈட்டிய பொருளைக் கொண்டு ஒருவன் பலருக்கு நன்மை செய்வானாயின் அந்நன்மையை எவ்வாறு மதிப்பிடுவது என்பது அறவியலின் பழமையான வினாக்களுள் ஒன்று. வள்ளுவர் வினைத்தூய்மை என ஓர் அதிகாரமே வகுத்து, பெற்ற தாயின் பசியைத் தீர்ப்பதற்காயினும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்றார். ஆயின் அவ்விதி செய்பவனை நோக்கியது. வழங்கும் கை கறைபட்டது என அறியாமலே அதனிடமிருந்து ஒரு நன்மையை ஏற்று மகிழ்ந்தோரின் நிலை யாது? உண்மை வெளிப்பட்ட பின்னர் அவர்கள் தம் மகிழ்ச்சியை என்ன செய்தல் வேண்டும்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய ஆராய்ச்சியிலே ஆலயம், கல்விக்கூடம், வைத்தியசாலை ஆகியவற்றுக்கு வழங்கப்பட்ட கொடைகளை எடுத்துக்காட்டாகக் கொள்வதே வழக்கம். கறைபட்ட கொடை என அறிந்தால் அவற்றைத் திருப்பிக் கொடுக்கலாம். கல்வெட்டில் உள்ள பெயரை நீக்கலாம். விளையாட்டு தரும் மகிழ்ச்சியோ அத்தகையதன்று. துய்த்த கணத்திலேயே அது முடிந்துவிடுகின்றது. அதனைத் திருப்பிக் கொடுக்க எவராலும் இயலாது. ஆகவே ஒரு விளையாட்டுக் கழகத்தின் வரலாற்றிலே இவ்வினா பிற சிக்கல்கள் நீங்கித் தெளிவாகத் தோன்றுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்தில் டான்பரி என்னும் நகரம் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தொப்பித் தொழிலாற் புகழ்பெற்று, தொப்பி நகரம் என அழைக்கப்பட்ட ஊர் அது. தொப்பிக்குரிய உரோமத்தைப் பதப்படுத்தப் பாதரசம் பயன்படுத்தப்பட்டது. அதன் நச்சு ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் கைகால்கள் நடுங்கின. அந்நோய்க்கு டான்பரி நடுக்கம் என்றே பெயர் வழங்கலாயிற்று. பின்னர் தொப்பி அணியும் வழக்கம் அருகவே, தொழிலும் தேய்ந்து மறைந்தது. நியூ யோர்க் பெருநகரிலிருந்து வெகு தொலைவில் இல்லாதிருந்தும், தனக்கென ஒரு பெருமையைத் தேடும் நிலையிலேயே அந்நகரம் இருந்தது.

2004ஆம் ஆண்டிலே அந்நகரிற் கழிவகற்றும் நிறுவனங்களை நடத்திவந்த ஜேம்ஸ் கலான்ரே என்னும் செல்வந்தர், யுனைற்றெட் ஹொக்கி லீக் என்ற சிறுநிலைப் பனிக்கட்டி ஹொக்கிச் சங்கத்தில் இடம்பெறும் உரிமையை விலைக்கு வாங்கி ஓர் அணியை நிறுவினார். பதினேழே வயதான தம் மகனை அதன் தலைவராகவும் முகாமையாளராகவும் அமர்த்தினார். குடும்பத் தொழிலை ஒளிக்காது, குப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அணிக்கு ட்ராஷர்ஸ் எனப் பெயரிட்டனர். குப்பைத் தொட்டியே அதன் சின்னமாயிற்று. இகழ்ச்சிக்குரியதெனக் கருதப்படும் ஒரு தொழிலின் பெயரைத் துணிந்து மார்பில் அணிந்தமை மக்களைக் கவர்ந்தது.

அதே பருவத்தில் தேசிய ஹொக்கிச் சங்கத்தின் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்குமிடையே ஏற்பட்ட ஊதியத் தகராற்றினால் அச்சங்கத்தின் 2004-2005ஆம் ஆண்டுப் போட்டிகள் முழுவதும் நடைபெறாது போயின. வேலையின்றி இருந்த முதனிலை வீரருட் சிலர் சிறிய ஊர்களுக்கு ஆடவந்தனர். 2003இல் நியூ ஜேர்சி டெவில்ஸ் அணிக்கு ஸ்ரான்லி கிண்ணத்தைப் பெற்றுத்தந்த இறுதி ஆட்டத்தில் வெற்றிக்குரிய கோலை அடித்த மைக் ரப் டான்பரி அணிக்காக ஆடினார். இவ்வணி திறமையினால் மட்டுமன்றி முரட்டுத்தனத்தினாலும் பெயர்பெற்றது. கைகலப்பில் வல்லவர்கள் தேடிச் சேர்க்கப்பட்டனர். அரங்கின் 102ஆம் பகுதியில் அமர்ந்த இரசிகரின் ஆரவாரம் எதிரணியினரை அஞ்சவைப்பதாயிருந்தது. இரண்டாம் பருவத்தில் அணி இறுதிப்போட்டிவரை முன்னேறி, 2006இல் கலமசூ விங்ஸ் அணியிடம் கிண்ணத்தை இழந்தது.

அந்தத் தோல்விக்குச் சில வாரங்களின் பின், 2006 ஜூன் மாதத்தில், நீண்டநாட் புலனாய்வின் பயனாகக் கலான்ரே உட்பட 29 பேர்மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. கழிவகற்றும் நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிடாது வாடிக்கையாளரைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, கட்டணத்தை உயர்த்தி வைத்திருந்தன என்பதே வழக்கின் சாரம். இந்த ஏற்பாட்டைக் காப்பதற்கென நியூ யோர்க்கின் ஜெனோவீசி குற்றக்குழுவுக்குக் கப்பம் செலுத்தப்பட்டது. கழகமும் வழக்கிற்குப் புறம்பாக இருக்கவில்லை. சங்க விதிப்படி ஓர் அணி தன் வீரரின் ஊதியத்துக்காக ஒரு பருவத்திற் செலவிடத்தக்க உச்சத் தொகை 275,000 டொலர். டான்பரி அணி செலவிட்டதோ ஏறத்தாழ 750,000 டொலர். வீரரின் பெயரிலும் அவர்தம் மனைவியரின் பெயரிலும் கழிவு நிறுவனங்களிற் செய்யாத வேலைக்குச் சம்பளம் எழுதி இம்மிகைத்தொகை மறைக்கப்பட்டது. 2008இற் கலான்ரே குற்றத்தை ஒப்புக்கொண்டு 87 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அணியோ குற்றப்பத்திரம் வெளியான 2006ஆம் ஆண்டிலேயே கலைந்துவிட்டது. அதன் வாழ்நாள் இரண்டே பருவங்கள்.

இவ்வரலாற்றை நோக்குவோரிடையே இருவகைக் கருத்துகள் எழுதல் இயல்பு.

முதலாவது, பயன்வாதிகளின் கருத்து. பென்தம் முதலானோர் ஒரு செயலின் நன்மை தீமையை அதனால் விளையும் இன்பதுன்பங்களின் கூட்டுத்தொகையைக் கொண்டே அளந்தனர். சலிப்புற்றிருந்த ஒரு நகரின் ஆயிரக்கணக்கான மக்கள் இரண்டு ஆண்டுகள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி கலான்ரேயின்றேல் தோன்றியிராது. ஆகவே அவர் செய்தது நன்மையே என இவர்கள் கூறலாம். ஆயின் இக்கணக்கிலே ஒரு பத்தி விடுபட்டுள்ளது. கழிவகற்றுவதற்கு மிகைக்கட்டணம் செலுத்தியோர் யாவர்? அந்நகரத்தவரும் அயலூராருமான கடைக்காரரும் தொழில் நடத்துவோருமே. அரங்கிலே அமர்ந்து ஆரவாரித்தோருட் பலர், நுழைவுச்சீட்டை வாங்குமுன்னரே தாம் அறியாத வகையில் அணிக்குரிய செலவில் ஒரு பங்கைச் செலுத்திவிட்டனர். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை நாம் அறிந்ததே. இங்கு தேங்காய்க்கு உரியவர்களே பிள்ளையாரின் இடத்திலும் இருந்தனர். தம் பணத்தாற் தமக்கு நிகழ்ந்த ஒன்றைப் பிறன் கொடையெனக் கருதி அவர்கள் நன்றி பாராட்டினர்.

பொருளிழப்பிலும் பெரிய தீங்கு இதுவே எனலாம். களவு போன பொருளை மீட்கலாம். தவறான இடத்திற் செலுத்திய நன்றியறிதலை மீட்பது அரிது. நன்றியறிதல் ஒருவரை மற்றொருவருக்குக் கட்டுப்படுத்தும் ஆற்றலுடையது. அறப்பணிகளுக்கு வாரி வழங்குபவர் எனப் பெயர்பெற்ற ஒருவரைப் பற்றி அவ்வூரார் கேட்கவேண்டிய வினாக்களைக் கேளாதிருந்தமைக்கு இக்கட்டுப்பாடும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம்.

இரண்டாவது கருத்து முதலாவதற்கு முற்றிலும் மாறானது. ஊற்று நஞ்சாயின் ஆறும் நஞ்சே. ஆகவே அம்மகிழ்ச்சி பொய், அதனை நினைத்தலும் இழுக்கு என்பர் இதனைக் கொள்வோர். இது தூய்மையானதாகத் தோன்றினும் நீதியானதன்று. தந்தையின் தோளிலிருந்து ஆட்டத்தைக் கண்டு களித்த சிறுவன் எக்குற்றத்திலும் பங்குகொண்டவன் அல்லன். செயலின் அறத்தை அதனைச் செய்பவனின் எண்ணத்திலே தேடியவர் கான்ற். அவர் நெறிப்படி நோக்கினும் அச்சிறுவனின் மகிழ்ச்சியிற் குற்றம் காண இயலாது. மேலும் இக்கருத்தை இறுதிவரை கொண்டுசெல்வோமாயின் உலகில் எஞ்சுவது யாது? டான்பரி நகரின் பழைய செல்வமே நடுங்கும் கைகளின் உழைப்பால் வந்ததன்றோ? அதனாற் பின்வந்தோர் அந்நகரிற் பெற்ற வாழ்வெல்லாம் பொய்யாகிவிடுமா? கறையற்ற பொருளால் மட்டுமே வாழ்வேன் என்பவன் எங்கும் வாழ இயலாது.

இவ்விரு கருத்துகளும் ஒரே பிழையைச் செய்கின்றன. கொடையும் அதனாற் பெற்ற மகிழ்ச்சியும் ஒரே பொருள் என இரண்டும் கருதுகின்றன. உண்மையில் அவை வேறானவை. மகிழ்ச்சியின் ஒரு பகுதியே வாங்கப்பட்டது. பனித்தளத்தையும் வீரரையும் பணம் தரலாம். அரங்கில் அயலான் தோழனானதையும், ஓர் ஊர் தன்னை ஓர் ஊராக உணர்ந்ததையும் எப்பணமும் தருவதில்லை. அவை மக்கள் தாமே ஆக்கிக்கொண்டவை. ஆகவே அம்மகிழ்ச்சியை அவர்கள் கைவிட வேண்டியதில்லை. அதற்காகக் கலான்ரேயை விடுவிக்கவும் வேண்டியதில்லை.

எனினும், அம்மகிழ்ச்சியில் ஒன்றுமட்டும் மறுபரிசீலனைக்கு உரியது. அதுதான் வெற்றிப் பெருமிதம். ஊதிய எல்லை என்பது வெறும் கணக்குவிதியன்று. பெரும் பணமுடைய ஊரும் சிறுபணமுடைய ஊரும் ஒரே களத்தில் நிற்கலாம் என ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு அது. சிறுநிலைச் சங்கங்கள் உயிர்வாழ்வது அவ்வாக்கினால்தான். அதனை மறைவாக மீறியவன் தன் ஊருக்கு வெற்றியைக் கொடுக்கும்பொழுதே, விதியைக் காத்து ஆடிய அயலூர்களிடமிருந்து சமவாய்ப்பை எடுத்துக்கொள்கிறான். விளையாட்டை அதன் இரகசிய எதிரியாகி வளர்த்தல் இயலாது. எல்லையின் இருமடங்குக்கும் மேலாகச் செலவிட்டும் கிண்ணம் கைகூடவில்லை என்பது இக்குற்றத்தைக் குறைப்பதாகாது.

இனி, உண்மை வெளிப்பட்டபின் மக்களின் கடமை யாது? பெற்ற மகிழ்ச்சியைத் திருப்பிக் கொடுக்க இயலாதாகலின், அதனை எவ்வாறு நினைவுகூர்வது என்பதிலேதான் அக்கடமை தங்கியுள்ளது. 2021இல் இவ்வணியைப் பற்றி ஓர் ஆவணப்படம் வெளிவந்து உலகின் பல பாகங்களிலும் பார்க்கப்பட்டது. இத்தகைய கதைகளிலே குற்றம் ஒரு சுவையாக மாறிவிடும் இடர் உண்டு. முரடர் அணி, இளம் முகாமையாளன், மகன்மீது பற்றுடைய தந்தை எனக் கதை இனிமையாக ஓடும்பொழுது, மிகைக்கட்டணம் செலுத்திய கடைக்காரன் கதையினின்றும் மறைந்துபோகிறான். மகிழ்ச்சியை மறவாதிருத்தலைப் போன்றே அதன் விலையைச் செலுத்தியோரையும் மறவாதிருத்தல் நினைவின் நேர்மையாகும்.

அக்கழகத்தின் வீழ்ச்சி மற்றொன்றையும் உணர்த்துகின்றது. ஒருவரின் கொடையால் மட்டும் நிற்பது அவர் வீழும்பொழுது தானும் வீழ்கிறது. டான்பரி மக்கள் தம் அணியை நேசித்தனர். ஆயின் அதன் கணக்கேட்டைக் காணவோ, அதன் எதிர்காலத்தை முடிவுசெய்யவோ அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. நேசிப்பவர்க்கு உரிமையில்லாததும் உரியவர்க்குப் பொறுப்பில்லாததுமான நிறுவனம் எதுவாயினும், அது கழகமாயினும் கல்விக்கூடமாயினும், இவ்விடரிலிருந்து தப்புவதில்லை. கொடையாளியிடம் கணக்குக் கேட்பது நன்றிகேடு என்னும் எண்ணம் நம் சமூகங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. உண்மையில் கணக்குக் கேட்பதே பெறுபவன் தன் மதிப்பையும் கொடுப்பவனின் மதிப்பையும் ஒருசேரக் காக்கும் வழியாகும்.

டான்பரியின் அரங்கு மூடப்பட்டுவிடவில்லை. பின்னர் வேறு அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கு ஆடின. 2019இல், கோல் மூன்றை ஒருவரே அடிப்பதைக் குறிக்கும் ஹொக்கிச் சொல்லையும் ஊரின் பழைய தொப்பித் தொழிலையும் ஒருங்கே நினைவூட்டும் ஹற் ரிக்ஸ் என்னும் பெயருடன் ஓர் அணி தோன்றியது. 2023இல் அவ்வணி தன் சங்கத்தின் கிண்ணத்தை வென்றது. கலான்ரேயின் பணத்துக்கு எட்டாத கிண்ணம் அவ்வூருக்கு வந்துசேர்ந்தது, அவரது கழகம் கலைந்து பதினேழு ஆண்டுகளின் பின்னராகும்.