பொது நிலமும் ஓர் அமானத்தே!

காட்டு மரத்தை வெட்டி வருகிறவரிடம், "இது நியாயமா?" என்று கேட்டுப் பாருங்கள். "சர்க்கார் நிலம்தானே! எவன் வீட்டுச் சொத்து?" என்பார். அடுத்தவர் தோட்டத்து மாங்காயைப் பறிக்க அஞ்சும் நாம், எல்லோருக்கும் உரிய நிலத்தில் மட்டும் ஹலால் ஹராமை மறந்து விடுகிறோம்.

அறியாமைக் கால அரபு நாட்டில், பலம் படைத்த தலைவர்கள் செழிப்பான மேய்ச்சல் நிலங்களை வளைத்து, 'ஹிமா' என்று பெயரிட்டு, பிறரை விரட்டி வந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வழக்கத்தை ஒழித்தார்கள். ஹிமா அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் மட்டுமே உரியது என்றார்கள். அதாவது, பொது நன்மைக்காகவன்றி எவரும் நிலத்தை ஒதுக்கலாகாது. மதீனாவுக்கு அருகிலுள்ள நகீஃ என்னுமிடத்தை முஸ்லிம்களின் குதிரைகளுக்காக ஒதுக்கினார்கள். மதீனாவைச் சுற்றி ஹரம் எல்லை வகுத்து, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஹுனைய் என்பவரை ஹிமாவுக்குக் காவலராக நியமித்தபோது சொன்ன அறிவுரை நம் சிந்தனைக்குரியது. அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சுமாறு எச்சரித்தார்கள். சில ஆடுகளும் ஒட்டகங்களும் மட்டுமே உள்ள ஏழையை உள்ளே விடும்படியும், பெருஞ்செல்வர்களான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), உத்மான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விட வேண்டாம் என்றும் பணித்தார்கள். அவர்களுக்குப் பேரீச்சந் தோட்டங்கள் உண்டு. ஏழைக்கோ அந்தப் புல்லைத் தவிர வேறு கதியில்லை! காவல் என்பது ஏழையை விரட்டுவதற்கன்று, பேராசையைத் தடுப்பதற்கே.

காவல் தளர்ந்தால் என்னவாகும்? ஹிமா பிறந்த அரபு மண்ணிலேயே, மோட்டார் வண்டியும் துப்பாக்கியும் கொண்ட வேட்டையினால் வெண்ணிற ஓரிக்ஸ் மான் அருகிப் போய், 1972-ல் காட்டில் அறவே இல்லாமலாயிற்று. பின்னர் சவூதி அரேபியாவில் மஹாஸத் அஸ்ஸைத் என்னுமிடத்தில் சுமார் 2,200 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு வேலியிட்டு, 1990-ல் அம்மான்களைத் திரும்ப விட்டார்கள். மேய்ச்சல் நின்றதும் புல்லும் செடியும் மீண்டும் தழைத்தன.

சகோதர சகோதரிகளே! கைபரில் கிடைத்த பொதுப் பொருளிலிருந்து பங்கீட்டுக்கு முன் ஒரு போர்வையை எடுத்தவர், பின்னர் அம்பு பட்டு இறந்தார். மக்கள் அவரை ஷஹீத் என வாழ்த்தினர். அப்போர்வையே அவர் மீது நெருப்பாய் எரிகிறது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஒரு போர்வைக்கே இந்நிலையென்றால், வனத்தையே சூறையாடுபவரின் கதி என்ன?

காட்டில் நெருப்பை அணைக்காமல் வராதீர்கள். குப்பையை விட்டு வராதீர்கள். பொது நிலத்தில் ஒரு சாணையும் வளைக்காதீர்கள். இதை நம் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுப்போம். அமானத்தைப் பேணும் நல்லடியார்களில் நம்மையும் அல்லாஹு தஆலா சேர்த்தருள்வானாக! ஆமீன்.