சிலுவையில் அறையப்பட்ட கடன் சீட்டு



சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு தாயை மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமமே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள் வந்தபோது, தன் வளவில் பலருக்கு இடம் கொடுத்தவள் அவள். 1996இல் பிடித்துச் செல்லப்பட்டு வீடு திரும்பாத இளைஞர்களுள் அவளுடைய மகனும் ஒருவன். 2000ஆம் ஆண்டுப் போரில் இடிந்த நகரம் மீண்டும் எழும்பிவிட்டது. அவளது காத்திருப்பு மட்டும் முடியவில்லை.

ஞாயிறு தோறும் பூசைக்கு வருகிறாள். வெள்ளிக்கிழமை, மகனின் படத்தைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு சாத்திரம் கேட்கப் போகிறாள். “பிள்ளை இருக்கிறான், கிரகம்தான் மறிக்கிறது, ஒரு கழிப்புக் கழித்தால் தைக்குள் செய்தி வரும்” என்று பதில் கிடைக்கிறது. கையிலிருந்த காப்பு ஈட்டுக்குப் போகிறது. தை பல வந்து போய்விட்டது.

அவளைக் குற்றஞ்சாட்ட நமக்கு உரிமையில்லை. ஆனால் அவளுக்கு நற்செய்தி சொல்லும் கடமை நமக்கு உண்டு. அந்த நற்செய்தி கொலோசையருக்கு எழுதப்பட்ட திருமுகத்தில் இருக்கிறது.

கொலோசை இன்றைய துருக்கி நாட்டில், லீக்கு ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த சிற்றூர். கம்பளி நெசவுக்குப் பேர் போனது. அங்கே விசுவாசத்தை விதைத்தவர் எப்பாப்பிரா என்பவர். புனித சின்னப்பர் அந்த மக்களை நேரில் கண்டதில்லை; விலங்கிடப்பட்ட நிலையிலிருந்து எழுதுவதாகத் திருமுகத்தின் முடிவு காட்டுகிறது. அவருடைய சீடர் ஒருவர் எழுதியிருக்கலாம் எனக் கருதும் அறிஞரும் உண்டு. திருச்சபை அதைத் தேவ வார்த்தையாகவே ஏற்றுப் போற்றுகிறது.

கொலோசையர் கிறிஸ்துவை மறுக்கவில்லை. கிறிஸ்து போதாது என்று நினைத்தார்கள். அவருக்கும் தங்களுக்கும் இடையே வானத்துச் சக்திகள் பல நிற்பதாகவும், அவற்றைச் சாந்தப்படுத்த வேண்டும் என்றும் எண்ணினார்கள். இன்ன உணவு ஆகாது, இன்ன பானம் ஆகாது என்றார்கள். அமாவாசை கழிந்து பிறை தோன்றும் நாளையும் ஓய்வு நாளையும் கணக்குப் பார்த்தார்கள். சம்மனசுகளுக்கு வழிபாடு செய்தார்கள் (2:16-18). இந்தத் தப்பறை இலகுவில் சாகவில்லை. நாலாம் நூற்றாண்டிலும் அதே பள்ளத்தாக்கிலிருந்த லாவோதிக்கேயாவில் கூடிய சங்கம் சம்மனசு வழிபாட்டைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. நாம் சம்மனசுகளை வணக்கத்தோடு நினைப்பது வேறு. கிறிஸ்துவுக்கு அப்பால் ஒரு சக்திக்கு அஞ்சிக் காணிக்கை கட்டுவது வேறு.

சின்னப்பர் என்ன பதில் சொல்கிறார்? கட்புலனாகாத கடவுளின் சாயல் கிறிஸ்து. காண்பவையும் காணாதவையும், வானத்து அதிகாரங்கள் அனைத்தும் அவர் வழியாகவே உண்டாயின. அவரிலேயே எல்லாம் நிலைபெறுகின்றன (1:15-17). தேவத்துவத்தின் நிறைவு அவரது மனித உடலிலேயே குடிகொண்டிருக்கிறது (2:9). கிரகத்தைப் படைத்தவரைத் தந்தையென அழைக்கும் பிள்ளை கிரகத்துக்கு ஏன் நடுங்க வேண்டும்?

அடுத்து வரும் உவமை நமக்கு நன்கு விளங்கும். நமக்கு எதிராக நின்ற கடன் சீட்டை அவர் அழித்துச் சிலுவையில் அறைந்துவிட்டார் என்கிறார் (2:14). காணியை ஈடு வைத்தவனுக்குத்தான் கடன் சீட்டின் பாரம் தெரியும். கடன் தீர்ந்து சீட்டு ரத்தான பின்பும் ஒருவன் வாசலில் வந்து வட்டி கேட்டால் கொடுப்பீர்களா? தோஷம் என்றும் செய்வினை என்றும் சொல்லிப் பணம் கேட்பவன், ரத்தான சீட்டுக்கு வட்டி கேட்பவனே.

அயலவரின் சமயத்தை இகழ இதைச் சொல்லவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் மற்றச் சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் மதிக்கக் கற்பித்தது. குறை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இத்தனை பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்று கைத்தொலைபேசியில் வரும் ‘செபத்தை’ அச்சத்தோடு அனுப்புகிறவர் யார்? புனிதரின் சுரூபத்தைத் தாயத்துப் போல எண்ணுகிறவர் யார்? நாமல்லவா!

நம் முன்னோர் அச்சத்தை அறியாதவர்களல்லர். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருக்கள் இல்லை; கோயில்கள் கைமாறின. 1687இல் புனித யோசேவ் வாஸ் கூலியாள் வேடத்தில் வந்து, பின்னர் சில்லாலையில் மறைந்திருந்து தேவதிரவிய அனுமானங்களை வழங்கினார். அவர் கொண்டு வந்தது தாயத்தல்ல, கிறிஸ்துவே. அது அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

தாயே, இப்போது உங்களோடு ஒரு வார்த்தை. உங்கள் மகன் எங்கே என்று சொல்ல எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்பவனை நம்பாதீர்கள். ஆனால் அவன் யாருடைய கையில் என்று சொல்ல முடியும். ஞானஸ்நானம் பெற்றவர்களின் உயிர் கிறிஸ்துவோடு கடவுளுக்குள் மறைந்திருக்கிறது என்கிறது இத்திருமுகம் (3:3). மனிதர் மறைத்ததை மனிதர் சொல்ல மறுக்கலாம். கடவுளுக்குள் மறைந்திருப்பது தொலைந்து போவதில்லை. அவன் உயிரோடிருந்தாலும், இறந்திருந்தாலும், இது உண்மை.

இதனால் உண்மையைக் கேட்பதை விட்டுவிடுங்கள் என்று பொருளல்ல. நீதி கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். சாத்திரியிடம் போகும் வழியை மட்டும் விட்டுவிடுங்கள். பங்கு மக்களே, அவள் அங்கே போவது கேட்க ஆளில்லாததால்தான். அவள் வீட்டுக்குப் போங்கள். அவள் சொல்வதை, நூறாம் தடவையானாலும், இருந்து கேளுங்கள். அவளோடு செபமாலை சொல்லுங்கள். அந்தப் படத்தை மறைக்க வேண்டாம்; பூசைக்கே கொண்டு வரட்டும்.

எல்லாவற்றையும் தம்மில் தாங்கும் ஆண்டவர், நம் அச்சத்தை நீக்கி, அவரே நமக்குப் போதும் என்ற விசுவாசத்தைத் தருவாராக. ஆமென்.