இரண்டு பேணி

தை, சனிக்கிழமை, விடியுமுன்

அடுப்பில் பெரிய பானை. 2.8 கிலோ வெளிர் மால்ட், 800 கிராம் பார்லி அவல், 400 கிராம் வறுத்த பார்லி. தண்ணீர் 66 பாகை. ஒரு மணி நேரத்துக்கு இந்தச் சூடு இறங்கக் கூடாது. பானையைச் சுற்றிப் பழைய போர்வையைக் கட்டியிருக்கிறேன். தானியத்தின் மாச்சத்து இனிப்பாக மாறுவது இந்த ஒரு மணி நேரத்தில்தான். எனக்கு வேலை ஒன்றுமில்லை. பக்கத்தில் இருக்கிறேன்.

வறுத்த பார்லி முளைகட்டாதது. பச்சைத் தானியமாகவே வறுபட்டுக் கறுத்தது. ஸ்டவுட் பியரின் கறுப்பு முழுவதும் அந்த 400 கிராமில் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் மணம் மாடிக்கு ஏறியிருக்க வேண்டும். அம்மா படியில் நின்று கேட்டார்: "ஆர் மோனை கோப்பி வறுக்கிறது?"

ஊரில் அவர் கோப்பிக்கொட்டையோடு மல்லியும் சேர்த்து வறுத்து உரலில் இடிப்பார். அந்த மணத்தின் ஓரத்தில் ஒரு கருகல் இருக்கும். அதுவேதான் இது.

"பியர் காய்ச்சுறன் அம்மா."

ஒன்றும் சொல்லவில்லை. கீழே வந்து கதிரையில் இருந்து ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே நாள், மதியம்

வடித்த சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். தொடக்கத்திலேயே 60 கிராம் கோல்டிங்ஸ் ஹாப்ஸ். பிறகு எதுவும் சேர்க்கவில்லை. ஸ்டவுட்டுக்கு ஹாப்ஸின் வாசம் தேவையில்லை, கசப்பு போதும்.

லண்டன் குழாய்த் தண்ணீர் கடினமானது. கேத்திலின் அடியில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிகிறது. வறுத்த தானியம் புளிப்பானது, அந்தப் புளிப்பை இந்தச் சுண்ணாம்பு தாங்கிப் பிடிக்கும். இந்த ஊரில் கறுப்பு பியர் தழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் சுமைதூக்கிகள் விரும்பிக் குடித்ததால் அதற்குப் போர்ட்டர் என்று பெயர் வந்தது. அதில் திடமானது ஸ்டவுட் போர்ட்டர். 1759இல் டப்ளினில் 9,000 ஆண்டுக் குத்தகை எழுதிக்கொண்ட ஆர்தர் கின்னஸ் முதலில் காய்ச்சியது ஏல்தான். 1799இல் அவருடைய ஆலை ஏலை நிறுத்திவிட்டுப் போர்ட்டரோடு நின்றுகொண்டது.

அந்தக் கின்னஸ் பிறகு லண்டனுக்கே வந்து ஓர் ஆலை கட்டியது. பார்க் ராயலில், 1936இல். அல்பேட்டனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கால்வாய்க் கரையோடு நடந்து போகலாம். 2005இல் மூடினார்கள், கைல்ஸ் கில்பர்ட் ஸ்கொட் வடிவமைத்த கட்டடங்களையும் பிறகு இடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போது மூச்சை இழுத்துப் பார்ப்பேன். காற்றில் ஒன்றும் மிச்சமில்லை.

நான்காம் நாள்

ஈஸ்ட் சேர்த்த சாறு புளிக்கும் வாளியின் மூடியில் குமிழ்கள் நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டன. 18 பாகை. இன்று திறக்கவில்லை.

பதினான்காம் நாள்

அடர்த்தி 1.042இல் தொடங்கி 1.010இல் நின்றிருக்கிறது. மூன்று நாளாக அசையவில்லை. போத்தலில் அடைக்கலாம்.

எவ்வளவு சீனி போடுவது என்பதில்தான் போன வருடம் முழுவதும் என் மனம் கிடந்தது. 20 லிட்டருக்கு 120 கிராம் என்பது வழக்கம். ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று போத்தலுக்குள் கரியமில வாயுவை விடும். வெளிர் பியருக்கு அது சரி. என் முதல் ஸ்டவுட்டிலும் அப்படியே போட்டேன். ஊற்றியபோது சோடா போலப் பெரிய பெரிய குமிழ்கள், பழுப்பாக, சடசடவென்று உடைந்தன. வாயில் வைத்தால் நாக்கைக் குத்தியது. கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் அமிலமாகிறது. வறுத்த பார்லியின் கசப்பும் அந்தக் குத்தலும் சேர்ந்தபோது, தானியத்தில் இருந்த கோப்பியும் சொக்கலேட்டும் எங்கோ அடியில் போய்விட்டன. அன்று மிகவும் மனம் வருந்தினேன். தானியம் நல்லது, காய்ச்சலும் பிழையில்லை. அதைப் பேசவிடாமல் செய்தது நான் சேர்த்த வாயு.

என்னிடம் நைட்ரஜன் சிலிண்டர் இல்லை என்பதால்தான் இப்படி என்று அப்போது நினைத்தேன். மதுக்கடைகளில் ஸ்டவுட்டைத் தள்ளுவது நைட்ரஜனும் கரியமில வாயுவும் கலந்த வாயு, ஏறக்குறைய முக்கால் பங்கு நைட்ரஜன். குழாயின் வாயில் நுண்துளைத் தட்டு ஒன்று இருக்கும். பியர் அதற்குள்ளால் நெரிபட்டு வரும்போது நைட்ரஜன் பொடிக் குமிழாகப் பிரிகிறது. நைட்ரஜன் திரவத்தில் மிகக் குறைவாகவே கரையும். அதனால்தான் அந்த நுரை நிற்கிறது. கரியமில வாயு நிறைந்த நுரையில் சின்னக் குமிழின் வாயு கரைந்து பக்கத்துப் பெரிய குமிழுக்குள் போய்விடும். சின்னது சாகும், பெரியது பெருக்கும், கடைசியில் எல்லாம் உடையும். நைட்ரஜன் குமிழ் தன் வாயுவை எளிதில் விட்டுக்கொடுக்காது. சின்னதும் சின்னதாகவே இருக்கும்.

இந்த முறையைக் கின்னஸுக்காக உருவாக்கியவர் மைக்கேல் ஆஷ், கணிதம் படித்தவர். 1959இல் அது வெளிவந்தது. அதற்கு முன்பு என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அயர்லாந்தின் மதுக்கடையில் இரண்டு பீப்பாய்கள் இருக்கும். ஒன்றில் துடிப்பான இளம் ஸ்டவுட், மற்றதில் அடங்கிப்போன ஸ்டவுட். கடைக்காரர் முதலாவதிலிருந்து கண்ணாடிக் குவளை நிறைய நுரையாகப் பிடித்து, அது அடங்கும்வரை காத்திருந்து, பிறகு இரண்டாவதிலிருந்து மெல்ல நிரப்புவார். நைட்ரஜன் வந்தது அந்தக் கைகளின் வேலையை ஒரு பீப்பாய்க்குள் கொண்டுவருவதற்காக. இல்லை இல்லை என்று நான் ஏங்கிய சிலிண்டரே ஒரு மாற்று ஏற்பாடுதான்.

இன்று 60 கிராம் சீனி, வழக்கத்தில் பாதி. 38 போத்தல்.

ஐந்தாம் கிழமை

போத்தல்கள் குளிர்ந்த பின்அறையில், 12 பாகையில் நிற்கின்றன. ஸ்டவுட்டைப் பனிக்கட்டிக் குளிரில் குடிப்பது அதன் வாயைப் பொத்துவது போல.

இன்று ஒன்றைத் திறந்தேன். மெல்லிய ஒரு சத்தம். ஊற்றினால் நுரை விரற்கடை அளவுகூட எழவில்லை. ஆனால் குத்தல் போய்விட்டது. பார்லி அவல் கொடுத்த வழவழப்பு நாக்கில் படிந்து நின்றது.

பிறகு ஊசியில்லாத புதுச் சிரிஞ்சில் கொஞ்சம் பியரை இழுத்து, மிச்சத்துக்குள் வேகமாகப் பீய்ச்சினேன். சட்டென்று குவளை முழுதும் பால்போல் கலங்கியது. கரைந்திருந்த வாயு பொடியாக உடைந்து எழ, பீய்ச்சிய வேகத்தில் சமையலறைக் காற்றும் உள்ளே போனது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். 1988இல் டின் கின்னஸுக்குள் வந்த பிளாஸ்டிக் கருவி செய்வதும் இதுதான், சிறு துளையால் ஒரு பீய்ச்சல்.

அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் மருந்துக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. குடிக்கும் நேரத்தில் வேறொரு அசைவு வேண்டும் போலிருந்தது.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "உதென்னத்துக்கு? தேத்தண்ணி ஆத்திற மாதிரி ஆத்திப் பாரன்."

அடுத்த நாள், மாலை

இரண்டு எவர்சில்வர் பேணிகள். சவர்க்காரம் படாமல் வெந்நீரில் கழுவியவை. எண்ணெயோ கொழுப்போ ஒரு துளி இருந்தாலும் நுரை நிற்காது. மோர் குடித்த பேணி ஆகாது.

முழுப் போத்தலையும் ஆற்றினால் உயிரே போய்விடும். மூன்றில் ஒரு பங்கை மட்டும் பேணியில் ஊற்றினேன். கை உயர்த்தி ஒரு முறை, இரு முறை. மூன்றாவது முறை அம்மா பேணிகளை வாங்கிக்கொண்டார். எனக்கு அவ்வளவு நீளமாக இழுக்க வராது. அவருடைய கையில் அந்தக் கறுப்புத் தாரை அறுபடாமல் இறங்கியது. கீழ்ப் பேணியில் சத்தம் மாறியது, முதலில் தண்ணீர்ச் சத்தம், பிறகு அமுங்கிய, தடித்த சத்தம். நுரை வந்துவிட்டது என்பதைக் காதுதான் முதலில் அறிந்தது.

அந்த நுரையைக் கண்ணாடிக் குவளையில் கவிழ்த்துக் காத்திருந்தோம். பிறகு போத்தலில் இருந்த மிச்சத்தைக் குவளையின் ஓரமாக, மிக மெல்ல. நுரை மேலே மிதந்து ஏறியது. முதலில் துடிப்பானது, பிறகு அடங்கியது. அந்த இரண்டு பீப்பாய்களைப் பற்றி நான் அம்மாவிடம் சொல்லியிருக்கவேயில்லை.

கடையில் ஊற்றும் நைட்ரஜன் ஸ்டவுட்டில் குமிழ்கள் கண்ணாடி ஓரமாகக் கீழ்நோக்கிப் போவது தெரியும். நடுவில் மேலெழும் ஓட்டம் ஓரத்தில் திரும்பி இறங்குகிறது, அந்த இறக்கம் பொடிக் குமிழ்களையும் இழுத்துச் செல்கிறது. விளிம்பு அகன்று அடி ஒடுங்கிய குவளையின் வடிவமே அதற்குக் காரணம் என்று லிமெரிக் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். என் குவளையிலும் ஒரு கணம் ஓரத்தில் ஏதோ இறங்கியது போலிருந்தது. நான் அப்படிப் பார்க்க ஆசைப்பட்டதாகவும் இருக்கலாம். அதை உறுதியாக எழுதமாட்டேன்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். காற்றோடு ஒட்சிசனும் போகிறது. ஒட்சிசன் பட்ட பியர் நாளாக நாளாக ஈர அட்டை போல மணக்கும். ஆகவே ஆற்றுவது குடிக்கும் கணத்தில் மட்டும். போத்தலில் அடைக்கும்போது ஒரு சலசலப்பும் கூடாது.

அம்மா குடிக்கவில்லை. நுரையில் சுட்டுவிரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"கைக்குது. ஆனா நல்ல கைப்பு."

இரவு

குவளை காலி. ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வளையம், கண்ணாடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நுரை ஒட்டியிருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. இன்னும் கழுவவில்லை.

மிச்சம் 36 போத்தல். அடுத்த காய்ச்சலில் சீனி 55 கிராம். பார்லி அவல் 900.