வினையும் வெளிச்சமும்

பேத்தியின் கண்ணாடிப் பவர் மறுபடி ஏறியதும் அக்கா, "எல்லாம் அவ வினை" என்றாள். ஈப்போவில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் நான் இதை ஏற்கமாட்டேன். வினை உண்டு என்கிற அதே சைவ சித்தாந்தம்தான், அதைக் கழிக்கவே இறைவன் உடம்பையும் கருவிகளையும் தந்தான் என்கிறது. தந்த கண்ணைப் பேணாமல் விதியைச் சொல்வது எப்படிப் பக்தியாகும்?

பேத்திக்கு இருப்பது கிட்டப்பார்வை. அதில் விழி நீண்டு வளர்கிறது. நீண்டது திரும்பச் சுருங்காது. இந்தக் குறை பெற்றோர் வழியாகவும் வரும். ஆனால் தினம் இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் இருக்கும் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு குறைவு. வந்த பிறகும் குறைந்த செறிவு அட்ரோபின் சொட்டுமருந்து அது ஏறும் வேகத்தைத் தணிக்கும். 2019இல் வெளியான ஹாங்காங் ஆய்வில் 0.01 சதவீதத்தைவிட 0.05 சதவீதம் நன்றாகப் பலன் தந்தது.

என் சிறுவயதில் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் அம்மா விடியுமுன்னே மரம் சீவப் போவாள். "படிங்க" என்பாள். அந்த ஆசை நியாயமானது. என்றாலும் லயத்து வாசலில் நாங்கள் ஓடித்திரிந்த வெயில் இன்றைய டியூஷன் பிள்ளைகளுக்கு இல்லை. கண் ஒளியின்றிக் காணாது, உயிர் அருளின்றி அறியாது என்பது சித்தாந்தம். ஒளியை அடைத்துவிட்டு எந்த அருளைக் கேட்பது?

டியூஷனில் ஒரு நாளைக் குறைக்கும்படி மருமகளிடம் பேசியிருக்கிறேன். சொட்டுமருந்து பற்றிக் கண் டாக்டரிடம் நானே கேட்கப்போகிறேன்.