ஆசிரியரைக் கும்பிடாதீர்கள்

1988-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கோவாவில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட பள்ளி ஆசிரியை ஒருவர் தொழில் தகராறு சட்டத்தின் கீழ் நியாயம் கேட்டிருந்தார். கற்பித்தல் உன்னதப் பணி, தொண்டு போன்றது, ஆகவே அந்தச் சட்டம் சொல்லும் தொழிலாளர் கணக்கில் ஆசிரியர் வரமாட்டார் என்றது நீதிமன்றம். பணிக்கொடைச் சட்டத்திலும் ஆசிரியருக்கு இடமில்லை என்று 2004-இல் இன்னொரு தீர்ப்பு. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகே அந்த உரிமை கிடைத்தது. அதையும் எதிர்த்து வழக்காடிய தனியார் பள்ளிகள் 2022-இல்தான் தோற்றன.

உன்னதம் என்று சொன்ன அதே மூச்சில் உரிமை பறிபோனதைக் கவனியுங்கள். தமிழர்களுக்கு இது புதிதல்ல. பெண்ணைத் தெய்வம் என்று போற்றிய சமூகத்தில் அவளுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் வர 1989 ஆயிற்று. யாரைக் கும்பிடுகிறோமோ அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் தப்பிக்கக் கும்பிடு போதுமானதாக இருக்கிறது. தெய்வத்துக்குத் தொண்டை கட்டாது, மாதவிடாய் வலி இல்லை, மாதக் கடைசியில் கடன் தவணை இல்லை. ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 அன்று ரோஜாப்பூவை நீட்டும்போது நாம் யாரிடம் நீட்டுகிறோம்?

இப்போது எல்லோரும் ஆசிரியரின் மனநலம் பற்றிப் பேசுகிறார்கள். நல்லது. ஆனால் செய்வது என்ன? ஒருநாள் யோகா, ஒரு மணி நேரம் தன்னம்பிக்கைப் பேச்சு, மூச்சுப் பயிற்சி. கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவருக்குத் துண்டு கொடுத்துத் தலையைத் துவட்டச் சொல்வதாகவே இதை நான் பார்க்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை. பணியிடத்தில் நீடித்து, சரியாகக் கையாளப்படாமல் போன அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. காரணம் பணியிடத்தில் இருக்கிறது. மருந்தை மட்டும் ஏன் ஆசிரியரின் மூக்குக்குள் தேடுகிறோம்? (மனம் உடைந்தவருக்குச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-ஐ அழைக்க வேண்டும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.)

காரணங்கள் ஒளிந்திருக்கவும் இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், உடற்கல்வி கற்பிக்க 2012-இல் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். பின்னர் அது கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மே மாதம் சம்பளமே இல்லாமல் கழிந்தது. மே மாதம் அவர்கள் வீட்டில் உலை வைக்க வேண்டாமா? நிரந்தரப் பணியில் இருப்பவருக்கோ வேறு பாரம். எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு, தேர்தல். மாலை வரை பாடம் எடுத்துவிட்டு இரவில் இணையம் கிடைக்கும் நேரம் பார்த்து விவரம் ஏற்றுகிறவர்களை நான் அறிவேன்.

தனியார் பள்ளி இன்னும் கொடுமை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண்ணுக்கு அது பெரிய விடுதலை. அதே ஊரில், ஆசிரியர் உட்கார்ந்தால் வகுப்பு கெட்டுவிடும் என்று வகுப்பறையில் நாற்காலியே போடாத பள்ளிகள் இருக்கின்றன. கால் நரம்பு சுருண்டு, வீங்கிய பாதத்தோடு நிற்பவரிடம் சிரித்த முகத்தையும் எதிர்பார்க்கிறோம். அசல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் நிர்வாகங்களும் உண்டு. வேலையை விட்டுப் போகவும் முடியாதவருக்கு மன அமைதி எங்கிருந்து வரும்?

இதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில், “மிஸ், என் பையனுக்கு ஏன் இரண்டு மார்க் குறைஞ்சுது?” என்று கேட்பவர், அந்த நேரத்தில் தன் முதலாளி தன்னை அழைத்தால் பொறுப்பாரா?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தாளாளரிடம் கேளுங்கள். என் பிள்ளையின் வகுப்பில் ஆசிரியருக்கு நாற்காலி இருக்கிறதா? அவருடைய அசல் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது? காய்ச்சலில் ஒருநாள் படுத்தால் எவ்வளவு பிடிப்பீர்கள்? கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா? கட்டணம் கட்டுகிற உங்களுக்குத் தாளாளர் பதில் சொல்லியாக வேண்டும்.