ஒலி எப்போது முடிகிறது?

இஸ்தான்புல் நகரத்து ஹாகியா சோபியாவில், 537-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஆலயத்தின் பெருங் குவிமாடத்தின் கீழே, சாதாரணமான ஒரு பலூனை உடைத்து, அந்தப் படீரென்ற ஓசை பளிங்கிலும் கல்லிலும் மோதி மோதித் தேய்வதை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் பதிவு செய்து ஆராய்ந்தபோது, அம்மண்டபத்தின் முழக்கம் ஏறத்தாழ 11 விநாடி நீடிப்பதாகக் கண்டனர்.

இதைக் கணினி நிரல் அளக்கும் முறையிலே, தத்துவ விசாரம் செய்வோர்க்கு ருசிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ஒலி 60 டெசிபெல் தணிவதற்கு ஆகும் காலமே முழக்க காலம் என்பது இலக்கணம். ஆனால் பூரண நிசப்தமான மண்டபம் எங்குமில்லையாதலால், காலடியும் காற்றும் அந்தக் கடைசி அலைகளை முன்னதாகவே விழுங்கிவிடுகின்றன. ஆகவே நிரலானது, 5 டெசிபெல் தணிந்த இடம் முதல் 35 டெசிபெல் தணிந்த இடம் வரையுள்ள சரிவுக்கான காலத்தை மட்டும் எடுத்து, அதை இரட்டித்து, டி30 என்று பெயரிட்டு நம் கையில் கொடுக்கிறது.

அதாவது, ஒலியின் முடிவு பிரத்தியட்சமன்று, அநுமானம். இந்தியத் தத்துவ மரபிலே, சப்தம் ஆகாயத்தின் குணம், தோன்றி அழிவது என்று நியாய மதத்தவரான நையாயிகரும், அது நித்தியம், வெளிப்படுவதும் மறைவதுமே உண்டு என்று மீமாம்சகரும் நெடுங்காலம் வழக்காடினர். (வழக்காடுவதில் இருவரும் சளைத்தவரல்லர்.) கருவி எப்போதும் இரைச்சலுக்கு இப்புறமே நிற்பதால், அதைச் சாட்சியாக அழைத்துப் பயனில்லை, எனினும் என் மனம் மீமாம்சகர் பக்கம் சற்றே சாய்கிறது. ஏனெனில், அந்த ஹாகியா சோபியா மண்டபத்தின் பதிலோசையைக் கணினி வழியே தம் குரலில் ஏற்றிக்கொண்டு ஒரு குழுவினர் பைசாந்திய கீதங்களைப் பாடினார்கள். பாடியவர்கள் நின்றதோ கலிபோர்னியாவில்.